பஸ் சக்கரத்துக்கு நாலு எலுமிச்சை

தனேஸ்வரனைப் பழிவாங்கியது என் அக்கா கலாதேவி. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னைப் பெரிய மனசுக்காரி என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

என் பெயர் தினேஸ்வரி. மலேசியாவில், தைப்பிங் பக்கத்துக் கமுந்திங்கில் கையுறை தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. கலாதேவி என் பெரியப்பா மகள். நாங்கள் பிறந்த ரப்பர் தோட்டத்தை விற்று, மரங்களைச் சாய்த்து, வீடமைப்பு நிறுவனம் ஒன்று மஞ்சள் வீடுகளாகக் கட்டிவிட்டது. மிஞ்சியது மாரியம்மன் கோவிலும் அதன் பின்னால் இருக்கும் மண்டபமும்தான். பெரியப்பா அர்ச்சுனன் தோட்டத்தில் லாரி ஓட்டினார். தோட்டம் போன பிறகு கிலாங் பஸ் ஓட்ட ஆரம்பித்தார். தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றி இறக்கும் பழைய நீல பஸ். விடுமுறை வந்தால் அதே பஸ்ஸில் சனங்களை ஏற்றிக்கொண்டு தைப்பூசத்துக்குப் பினாங்கு, திருவிழாவுக்கு ஈப்போ என்று போவார்.

அந்த பஸ் கிளம்புவதற்கு ஒரு முறை உண்டு. பெரியப்பா நாலு பக்கமும் குனிந்து, சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வருவார். பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டுக் கும்பிட்டு வண்டியை எடுப்பார். பழம் நசுங்கும் வரை உள்ளே யாரும் பேச மாட்டார்கள். நசுங்கியதும்தான் பேச்சும் சிரிப்பும் பொட்டலம் பிரிக்கும் சத்தமும் கிளம்பும். சின்ன வயதிலிருந்து பழம் எடுத்துக் கொடுப்பது கலாதேவியின் வேலை. பழம் வைக்காமல் கிளம்பிய பஸ்ஸை அவள் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் கெட்டிக்காரி. ஆசிரியர் பயிற்சிக்கு அரசாங்க உபகாரச் சம்பளம் கிடைத்து, இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கோடை விடுமுறையில் ஊருக்கு வர வழியில்லாத வெளிநாட்டு மாணவர்களை அங்கே சும்மா விடுவதில்லையாம். பட்டம் விடும் திருவிழா, ஸ்ட்ராபெரி பறிக்கிற தோட்டம், பழைய கோட்டை, ஆற்றங்கரையில் பாட்டுக் கச்சேரி என்று ஒரு நாள் பயணம் மாற்றி ஒரு நாள் பயணம் கூட்டிப் போவார்கள். கலாதேவி ஒன்றையும் விடவில்லை. ரயிலில் போனாள், டிராமில் போனாள். போன இடத்திலெல்லாம் மழைக்கோட்டுக்குள்ளிருந்து சிரித்தபடி படம் அனுப்பினாள். நாங்கள் தைப்பிங் மழையில் நின்று அந்த மழையைப் பார்த்தோம்.

அந்தக் கோடையின் பெரிய பயணம் ஒரு கடற்கரை ஊரின் கார்னிவல். தெருவெல்லாம் ஊர்வலம் போகும். அதில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் ஓர் இடம் கொடுத்திருந்தார்கள். கலாதேவி கோலாட்டம் ஆடலாம் என்றாள். விளக்குமாற்றுக் கட்டைகளை அறுத்து, ரிப்பன் சுற்றி, நைஜீரியாக்காரி, ஸ்பெயின்காரன், தைவான் பெண்கள் என்று கிடைத்தவர்களையெல்லாம் விடுதிப் புல்தரையில் நிறுத்திப் பழக்கினாள். அடி தப்பி விரலில் பட்டால் நைஜீரியாக்காரி தமிழில் "ஐயோ" என்று கத்துமளவுக்குப் பழக்கிவிட்டாள். போனில் அவள் குரலைக் கேட்கவே எங்களுக்குத் திருவிழாவாக இருந்தது.

அந்தப் பயணத்துக்கு மாணவர் தலைவன் தனேஸ்வரன். ஈப்போ டாக்டர் வீட்டுப் பிள்ளை. நம்ம ஊர்க்காரன், நம்ம பாஷை பேசுகிறவன் என்று கலாதேவிக்கு அவன் மேல் ஒரு நம்பிக்கை. அவனுக்கு அவள் "எஸ்டேட் பொண்ணு". அதைச் சொல்லும்போது அவன் மூக்கு ஒரு பக்கமாகச் சுருங்குமாம். எனக்கு அந்த மூக்கின் மேல் இன்றைக்கும் கோபம்.

காலையில் வாடகை பஸ் வந்து நின்றது. வளைவும் மேடுமாக மலைப்பாதையில் போகிற பயணம். தான் பழக்கிய பிள்ளைகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். கலாதேவி கடையில் வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழங்களை எடுத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கம் போய்க் குனிந்தாள். வேறு எந்த ஊர்ப் பிள்ளைக்கும் அது தோன்றியிருக்காது. நாங்கள் யாராயிருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

வெள்ளைக்கார டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கி ஓடி வந்தார். என் வண்டிச் சக்கரத்தில் என்ன செய்கிறாய் என்று சத்தம் போட்டார். கலாதேவி பழத்தோடு எழுந்து நின்றாள். டிரைவர் தனேஸ்வரனைப் பார்த்து, "இது என்ன, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

ஒரு வார்த்தை போதும். சாமி கும்பிடுகிறாள் என்று சொல்லியிருந்தால் அந்த ஆள் தலையாட்டிவிட்டு ஏறியிருப்பார். தனேஸ்வரன் கையில் போனை வைத்து வீடியோ எடுத்துக்கொண்டே சிரித்தான். "எனக்கு இவளைத் தெரியாது. நாங்கள் இப்படியெல்லாம் செய்கிறவர்கள் இல்லை. எஸ்டேட் மந்திரமாக இருக்கும்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்.

மந்திரம் என்று கேட்டதும் டிரைவர் பழங்களைக் காலால் ஒதுக்கிவிட்டு, இந்தப் பெண் என் வண்டியில் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். தலைவன் மறுத்து ஒரு பேச்சுப் பேசவில்லை. பஸ் போய்விட்டது. கலாதேவி கார் நிறுத்துமிடத்தில் பட்டுப் பாவாடையோடு நின்று பழங்களைப் பொறுக்கினாள். சாயங்காலம் பல்கலைக்கழகத்தின் பேஸ்புக் பக்கத்தில் ஊர்வலப் படம் வந்தது. அவள் சொல்லிக்கொடுத்த கோலாட்டம், அவள் ரிப்பன் சுற்றிய கட்டைகள், நடுவில் தனேஸ்வரன். பயிற்சி அளித்தவர் என்று அவன் பெயரைப் போட்டிருந்தார்கள்.

தனேஸ்வரன் எடுத்த வீடியோவும் பேஸ்புக்கில் ஏறி, சுற்றிச் சுற்றிக் கமுந்திங் வந்து சேர்ந்தது. தொழிற்சாலை வாசலில் யாரோ பெரியப்பாவிடம் போனை நீட்டினார்கள். மகளின் முதுகு தெரிந்தது. பக்கத்தில் கேட்ட சிரிப்பும் தெளிவாக இருந்தது. பெரியப்பா முழுசாகப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார். கலாதேவி போனில் அழுதபோது, "பரவால்லம்மா, உடு" என்றார். அதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு அவர் ஆள் வரும் முன்னாலேயே, பொழுது விடிவதற்குள், திருடன் மாதிரி சுற்றுமுற்றும் பார்த்துப் பழம் வைக்க ஆரம்பித்தார். சனங்கள் ஏறும்போது பஸ் ஏற்கெனவே கொஞ்சம் முன்னால் உருண்டு நிற்கும். கலாதேவி ஊருக்கு வந்த முதல் விடுமுறையில் அதைப் பார்த்தாள்.

"எனக்குச் செஞ்சத மறந்துடலாம் தினா. இத மறக்க முடியாதுலா" என்றாள் என்னிடம்.

மறக்கவில்லை. தைப்பிங்கில் ஆசிரியை ஆனாள், கல்யாணம் ஆயிற்று, கண்ணாடி போட்டாள், பிள்ளைகளுக்குச் செல்லமான கலா டீச்சர் ஆனாள். வருடங்கள் ஓடின. போன வருடம் அவளுடைய பழைய மாணவி ஒருத்தி ஈப்போவிலிருந்து வந்து ஒரு கதை சொன்னாள். அங்கே ஒருவர் பிரிட்டனுக்குப் பிள்ளைகளைப் படிக்க அனுப்பும் ஏஜென்சி வைத்திருக்கிறாராம். ஹோட்டல் மண்டபத்தில் கூட்டம் போட்டு, கோடைத் திருவிழா, ஒரு நாள் பயணம் என்று படம் படமாகக் காட்டுவாராம்.

"கடைசில ஒரு வீடியோ போடுவாரு டீச்சர். ஒரு எஸ்டேட் அக்கா பஸ் டயர்ல எலுமிச்சம்பழம் வைப்பாங்க. 'அங்க போய் இப்படி மானத்த வாங்காதீங்க'ன்னு சொல்வாரு. செம சிரிப்பு!"

கலாதேவியும் சிரித்தாளாம். பிறகு கதவைச் சாத்திவிட்டு எனக்குப் போன் போட்டாள். "தினா, அவன நம்ம கோவில் மண்டபத்துக்குக் கூப்புடு."

கோவில் இளைஞர் பிரிவின் பெயரில் நான்தான் அழைத்தேன். நம்ம பிள்ளைகள் நிறையப் பேர் வெளிநாடு போக ஆசைப்படுகிறார்கள், வந்து பேசுங்கள் சார் என்று தேன் ஒழுகக் கேட்டேன். கமுந்திங், தைப்பிங், பாகான் செராய் வரைக்கும் ஆள் பிடிக்கலாம் என்று அவன் கணக்குப் போட்டிருப்பான். "கண்டிப்பா வாரேன் சிஸ்டர்" என்றான். வீடியோவையும் மறக்காமல் கொண்டு வரச் சொன்னேன். எல்லாரும் அதைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்றேன். அவனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த மண்டபத்துக்கு வருகிற சனம் எப்படிப்பட்டது என்று அவன் யோசிக்கவில்லை. கிலாங் பஸ் ஓட்டுகிறவர்கள், பள்ளி வேன் ஓட்டுகிறவர்கள், லாரிக்காரர்கள், அவர்களுடைய மனைவிகள், பிள்ளைகள். அந்தக் கூட்டத்தில் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறாத சக்கரம் ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான். பெரிய வெள்ளை நிறப் புது வண்டி. சுவரோரமாக நிறுத்தினான். பெரியப்பா தன் நீல பஸ்ஸைக் கொண்டு வந்து அதற்குப் பின்னால், ரொம்ப தற்செயலாக, குறுக்கே நிறுத்தினார். வாசலில் கலாதேவி அவனுக்குத் தண்ணீர் போத்தல் கொடுத்தாள். "தேங்க்யூ அக்கா" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனான். அவனுக்கு அவள் முகமே ஞாபகமில்லை.

பேச்சு நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. கார்னிவல், கோட்டை, கடற்கரை எல்லாம் திரையில் வந்தன. அந்தக் கோலாட்டப் படமும் வந்தது. "நான் டிரெய்ன் பண்ண குரூப்" என்றான். பிறகு வீடியோவைப் போட்டான். குனிந்திருக்கும் பெண், டிரைவரின் சத்தம், அவனுடைய சிரிப்பு, அந்த வார்த்தைகள்.

மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

"என்னா, யாருக்கும் சிரிப்பு வரலியா?" என்றான் தனேஸ்வரன்.

பள்ளி வேன் ஓட்டும் தேவன் அண்ணன் எழுந்தார். "இதுல என்னா சிரிப்பு இருக்குன்னு சொல்லுங்க சார், நாங்களும் சிரிக்கிறோம்."

அப்போது கலாதேவி முன்னால் வந்து கண்ணாடியைக் கழற்றினாள். "அந்தப் பொண்ணு நான்தான். அந்தக் கோலாட்டம் என்னோடது. இது எங்க மண்டபம்."

தனேஸ்வரன் கண்ணை இடுக்கிப் பார்த்தான். "அட, கலாவா! அது ஏதோ படிக்கிற காலத்து ஜோக்லா..." என்று இழுத்தான்.

"ஜோக்குதான். இன்னொரு ஜோக்கும் இருக்கு, பாப்போம்" என்று அவள் எனக்குக் கண் காட்டினாள். நான் திரையை என் கணினிக்கு மாற்றித் தட்டினேன். வெளியே நிற்கும் அதே வெள்ளை வண்டி திரையில் வந்தது. கோவில் வாசல், மாலை போட்ட பம்பர், சக்கரங்களுக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாக எலுமிச்சை, ஓட்டுநர் இருக்கையில் கண்ணை மூடிக் கும்பிடும் தனேஸ்வரன். அவன் அம்மாவின் பேஸ்புக் பக்கத்தைத் தோண்டி எடுத்தது நான். அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான ஆள் பேராக் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது.

இப்போது மண்டபம் சிரித்தது. கிழவர்கள்கூட வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவன் மடிக்கணினியை மூடி, கம்பியை இழுத்துச் சுருட்டி, வெளியே ஓடினான். மழை பிடித்துக்கொண்டது. வண்டியை எடுக்க முடியவில்லை, பின்னால் நீல பஸ். பெரியப்பா ஸ்டியரிங்கில் கை வைத்து நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"அங்கிள், தோலோங், பஸ்ஸ கொஞ்சம் எடுங்க" என்று மலாயும் தமிழும் கலந்து கெஞ்சினான்.

பதில் தேவன் அண்ணன் சொன்னார். "பழம் வைக்காம அவரு வண்டி எடுக்க மாட்டாரு சார். இன்னிக்கி வைக்கிற ஆளு நீங்கதான்." பெரியப்பா மைலோ டின்னை ஜன்னல் வழியாக நீட்டினார். உள்ளே நாலு எலுமிச்சை.

சுற்றி நின்ற ஆண்கள் யாரும் அவனைத் தொடவில்லை. நகரவும் இல்லை. தனேஸ்வரன் தலை நனைய நனைய ஒவ்வொரு முகமாகப் பார்த்து, கடைசியில் கலாதேவியிடம் வந்து நின்றான். "கலா, நீ சொன்னா கேப்பாங்க. ஒரு வார்த்த சொல்லு. ப்ளீஸ்."

அவள் குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, அவனுடைய ஆங்கிலத்திலேயே, நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்.

"எனக்கு இவரைத் தெரியாது. நாங்கள் இப்படியெல்லாம் செய்கிறவர்கள் இல்லை."

அவன் டின்னை வாங்கிக்கொண்டான். நல்ல கால்சட்டை சேற்றில் தோய, முட்டி போட்டு, ஒவ்வொரு பக்கமாகப் பழம் வைத்தான். முடித்து எழுந்தபோது பெரியப்பா இறங்கி வந்தார். மகள் அழுத அன்றைக்கு "உடு" என்று சொன்ன அதே சாந்தமான மனுஷன். நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார்.

"கோணலா இருக்கு தம்பி. எல்லாத்தையும் எடுத்து மறுபடி வைங்க" என்றார்.

அவன் மறுபடி வைத்தான். பிறகு பஸ் ஏறி நாலையும் நசுக்கிக்கொண்டு நகர்ந்தது. சனங்களிடையே பேச்சுக் கிளம்பியது. வெள்ளை வண்டி ஈப்போ பக்கம் பறந்துவிட்டது. மறுநாளிலிருந்து பெரியப்பா, ஆள் எல்லாம் ஏறிய பிறகுதான் இறங்கிப் பழம் வைக்கிறார்.

அன்றைக்குக் கலாதேவி கையில் போன் இல்லை. நேரில் முழுசாகப் பார்க்க வேண்டும் என்று உள்ளேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். நான் வைத்துவிட்டு வரவில்லை. குனிந்தது, வைத்தது, மறுபடி எடுத்து வைத்தது எல்லாம் வீடியோவாக என்னிடம் இருக்கிறது. அது அவனுக்கும் தெரியும், இங்கிலாந்தில் கோடைத் திருவிழா தொடங்கும் மாதத்தில் ஒரு தடவை நானே அனுப்பி வைத்தேன். மற்றபடி வெளியே விடவில்லை, மழை பெய்கிற நாளில் மட்டும் போட்டுப் பார்ப்பேன். எங்கள் பக்கம் தினமும் மழைதான்.