வாப்பா டீவியில் வந்த நாள்

எனக்கு மூத்த ராத்தாவைப் பெண் கேட்டு ஓட்டமாவடியிலிருந்து ஆட்கள் வந்த அன்று, கத்தாரில் வேலையில் இருந்த வாப்பாவை டீவிக்குள் கொண்டுவரும் பொறுப்பை மாமா ஏற்றிருந்தார். மாமா உம்மாவின் தம்பி. ஏறாவூரில் கொஞ்சக் காலம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர் என்பதால், எங்கள் வீட்டில் கரண்டில் ஓடும் எல்லாவற்றுக்கும் அவரே அதிகாரி. எனக்கு அப்போது ஏழு வயது.

“போனில கதைச்சாப் போதாதா தம்பி?” என்று உம்மா கேட்டார்.

“சம்பந்தம் பேச வாற ஆக்களுக்கு மச்சான்ட முகத்தப் போனிலயா காட்டுற? விடுங்க ராத்தா, நான் செய்றன்.”

தடித்த கறுப்பு வயர் ஒன்றின் ஒரு முனையை லாப்டாப்பிலும் மறுமுனையை டீவியின் முதுகிலும் மாமா செருகினார். டீவி முழுக்க நீலமானது. வயரைக் கழற்றி, வாயால் ஊதி, மறுபடி செருகினார். ரிமோட்டில் இருந்த எல்லாப் பொத்தான்களையும் அமத்திப் பார்த்தார். கடைசியில் ஒரு பச்சைக் குன்றும் வானமும் டீவியில் வந்தன. லாப்டாப்பிலும் அதே குன்றுதான். ஆனால் லாப்டாப்பில் ஓடித் திரிந்த அம்புக்குறி ஓரத்தைத் தாண்டிக் காணாமல் போயிற்று. மாமா மேசைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். அது டீவிக்குள் போய் நிற்பதை நான்தான் கண்டேன். இடையில் இருந்த வெளியை அது எப்படிக் கடந்தது என்று எனக்கு விளங்கவில்லை. மாமாவுக்கும் விளங்கியதாகத் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் வேன் வந்து நின்றது. மாப்பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் இன்னும் சிலரும் வந்து அமர்ந்தார்கள். என் உம்மா இனிப்புக்கு வட்டிலப்பம் பரிமாறினார். ராத்தா அறைக்குள் இருந்தார். சொல்லிவைத்தபடி வாப்பாவின் அழைப்பும் வந்தது.

முகம் லாப்டாப்பில் வந்தது. குரலோ டீவியிலிருந்து வந்தது. விருந்தாளிகள் எல்லோரும் டீவியைப் பார்த்து ஸலாம் சொன்னார்கள். பச்சைக் குன்று பதில் ஸலாம் சொன்னது. வாப்பா எதற்குள் இருக்கிறார் என்று தெரியாமல் நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா வியர்த்தபடி வாப்பாவின் முகத்தை ஓரத்துக்கு இழுத்தார். ஒரு கண் லாப்டாப்பிலும் மறு கண் டீவியிலுமாக வாப்பா கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு முழுவதுமாக டீவிக்குள் போய்ச் சேர்ந்து, திரை நிறையப் பெருத்தார். கம்பெனிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டிருந்தார்.

“வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?” என்று மாப்பிள்ளையின் வாப்பா கேட்டார்.

“அல்ஹம்துலில்லாஹ், நல்லாப் போகுது.”

அப்போதுதான் வாப்பாவின் தோளுக்குப் பின்னால் கட்டிலைக் கண்டேன். மெத்தை சுருட்டிக் கிடந்தது. அதன் மேல், நீலக் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய இரண்டு பெட்டிகள். லீவுக்கு வரும்போதெல்லாம் வாப்பா கொண்டுவருகிற மாதிரிப் பெட்டிகள்தான்.

“உம்மா, பெட்டி கட்டியிருக்கி. வாப்பா வரப்போறார்,” என்றேன்.

மாமாவின் கை வயரை நோக்கிப் போய், பாதியில் நின்றது. வாப்பா திரும்பிக் கட்டிலைப் பார்த்தார். மறுபடி எங்கள் பக்கம் திரும்ப அவருக்கு நேரமெடுத்தது.

“கம்பெனியில ஆக்களக் குறைக்காங்க,” என்றார். “கலியாணப் பேச்சு முடியட்டும், பிறகு சொல்லுவம் எண்டு இருந்தன்.”

மாப்பிள்ளையின் வாப்பா வட்டிலப்பத் தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

“ரெண்டு பெட்டியா?”

“ஓம்.”

“நான் சவூதியால ஒரேயடியா வந்தப்ப ஒண்டுதான் கட்டினன்,” என்றார் அவர். மாப்பிள்ளையின் உம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவர் கவனிக்கவில்லை. “அப்ப கலியாணத்துக்கு நீங்க நேர நிப்பீங்க. அது நல்லந்தானே.”

வாப்பா உள்ளங்கையால் முகத்தை மூடிக்கொண்டார். டீவியில் விரல்கள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன, சத்தமும் இல்லை. வயர்தான் மறுபடி கழன்றுவிட்டதென்று நினைத்து, ஓடிப்போய் டீவிக்குப் பின்னால் அதை அழுத்திப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் வாப்பா “சரி, பேசுவம்” என்றார். சரிசெய்தது நான்தான் என்று அன்று முழுக்க நம்பினேன்.

ராத்தாவுக்கு அந்த வீட்டு மாப்பிள்ளையே அமைந்தார். கலியாணத்துக்கு முன்பே வாப்பா வந்துவிட்டார். வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு லீவிலும் பயந்து பயந்து கேட்கிற கேள்வியைக் கேட்டேன்.

“எப்ப திரும்பப் போவீங்க வாப்பா?”

“இனிப் போகமாட்டன் மகள்.”

நான் எழும்பித் துள்ளினேன். உம்மாவின் கையையும் பிடித்து இழுத்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காதில் விழவில்லையாக்கும் என்று நினைத்து, உம்மாவுக்கு அதை இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன்.