ஆட்டின் முதுகில் ஒரு கட்டைவிரல்

ஆரியசாலைச் சந்தில் தகரக்கூரை போட்டு வார்ப்புப் பட்டறை வைத்தேன். மூன்று சென்ட் மண்ணில் மாடிவீடு எழுப்பினேன். மகளைக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலையில் உட்கார வைத்தேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர்கள் முடியாது என்று கைவிரித்த எங்கள் தேவாலயத்து வெண்கலக் கதவையும் நானே வார்த்து நிறுத்தினேன்.

இத்தாலியில் ஃப்ளோரன்ஸ் என்ற ஊரில் வேதாகமக் கதைகளை வெண்கலத்தில் வார்த்த பழைய கதவு ஒன்று இருக்கிறது. அதன் படத்தை நீட்டிப் பங்குத்தந்தை கேட்டார்:

"மேஸ்திரி, இதுபோல நம்ம கோயிலுக்கு ஒண்ணு செய்யப் பற்றுமோ?"

"எனக்கா பற்றாது, ஃபாதர்?"

உருவத்தை முதலில் மெழுகில் செய்து, மேலே மண் பூசிச் சுட வேண்டும். மெழுகு உருகி ஓடிய இடத்தில் வெண்கலம் நிறையும். மெழுகில் இருப்பது அப்படியே வரும். எங்கள் பட்டறையில் மெழுகு வேலை முழுக்க என் மனைவியுடையது. அந்தக் கோடையில் சர்க்கரை நோய் அவள் கண்ணை முக்கால்வாசி மறைத்திருந்தது. வேதாகமத்தில் ஆபேல் காணிக்கை கொடுத்த ஆட்டைத் தடவித் தடவியே செய்தாள். நீரில் நனைத்த விரலால்தான் மெழுகைத் தொடுவாள். அன்று விரலை நனைக்க மறந்துபோய் எடுத்துக் கொடுத்ததில், ஆட்டின் முதுகில் கட்டைவிரல் அழுந்திவிட்டது. அவளுக்குத் தெரியவில்லை.

"ஏங்க, ஆடு மாதிரி இருக்கா, நாய் மாதிரி இருக்கா?"

"ஏட்டி, இப்பக் கத்தப்போகுது பாரு."

சூட்டுக்கத்தியால் ஒருமுறை தடவினால் பள்ளம் மறைந்திருக்கும். நான் தடவவில்லை. மண்ணைப் பூசினேன்.

கதவு மாட்டிய அன்று ஃபாதர் கண்டுபிடித்துவிட்டார். "இதென்ன, விரல் பட்ட குழியோ? அரம் வச்சு ராவிக் களையணும்."

பக்கத்தில் நின்றவள் முகம் சுருங்கிப்போனது. "என் விரலா? ராவிடுங்க. கர்த்தர் கதவுல என் அழுக்கு விரல் எதுக்கு?"

எனக்குப் பொறுக்கவில்லை. "ஃபாதர், அந்த இத்தாலிக் கதவைச் செஞ்சவர் தன் தலையையே கதவுச் சட்டத்துல வச்சிருக்காருன்னு நீங்கதானே காட்டினீங்க? அம்மாம்பெரிய தலைக்கு இடம் இருக்கு, இவ கட்டைவிரலுக்கு இல்லியோ?"

அவர் சிரித்துவிட்டார். அவள் கையைப் பிடித்து ஆட்டின் முதுகில் வைத்தேன். விரல் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்தது.

"குளுகுளுன்னு இருக்குங்க" என்றாள். கையை எடுக்கவில்லை. பூசைக்கு வந்தவர்கள் பக்கவாசலால் போனார்கள். இப்போதும் ஞாயிறுதோறும் ஆட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகிறாள்.

கதவருகே கல்வெட்டு வைக்கப்போகிறார்கள். கதவுக்குப் படம் வரைந்தவர் பெயர் இருக்கிறது, நன்கொடையாளர் பெயர் இருக்கிறது. எங்களுக்கு இடமில்லையாம். மெழுகு செய்தவள் என்று அவள் பெயர் வர வேண்டும். கீழே, வார்த்தவன் என்று என் பெயர். அந்தப் பள்ளத்தைப் பார்த்தும் கத்தியைத் தொடாமல் விட்டதும் என் வேலைதான். கல் வெட்டுகிறவரே, அதையும் ஒரு வரி சேர்த்து வெட்டுங்கள்.