ரூம் கேட்டு வந்த மருமகள்

அப்போதெல்லாம் சேலத்தில் ஹோட்டல் என்றால் இட்லி சாப்பிடுகிற இடம். தங்குவதற்கு லாட்ஜ் என்று வேறு இருந்தது. எங்கள் முதலாளி இரண்டையும் ஒன்றாக ஆரம்பித்து, போர்டில் ஹோட்டல் என்று மட்டும் எழுதி வைத்துவிட்டார். அதனால் திறந்த புதிதில் நிறைய பேர் நேராக என் மேஜைக்கு வந்து, "சாப்பாடு ஆச்சுங்களா?" என்று கேட்டார்கள். நான் அங்கே ரிசப்ஷனிஸ்ட். எண்பதுகளின் ஆரம்பம். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு அஸ்தம்பட்டி வீட்டில் சும்மா இருந்த எனக்குக் கிடைத்த முதல் வேலை அது.

கட்டடம் கடைவீதியை ஒட்டி இருந்தது. ஒரு காலத்தில் ஊருக்கே நூல் விற்ற குடும்பத்தின் வீடு. வியாபாரம் நொடித்து, அண்ணன் தம்பிகள் பிரிந்து போய், வெகுகாலம் பூட்டிக் கிடந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்த முதலாளி, போர்க்கிணறு தோண்டுகிற ரிக் வண்டிகளில் சம்பாதித்தவர், அதை வாங்கினார். இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டச் சொல்லி எல்லோரும் யோசனை சொன்னார்கள். "இந்தத் தேக்குத் தூண இடிக்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க" என்று மறுத்துவிட்டார். தூண்களைச் சுரண்டி மெருகு போட்டார். உடைந்துபோன வண்ணக் கண்ணாடிக்கு அதே பச்சையும் சிவப்பும் எங்கெங்கோ தேடிப் பிடித்தார். பின்பக்கத்துப் பழைய சமையற்கட்டை மட்டும் இடித்துப் புதிதாகக் கட்டினார். உள்ளே அறைக்கு அறை பாத்ரூம், வெந்நீர், டெலிபோன், சில அறைகளில் ஏ.சி. கூடத்தின் நடுவில் நின்று மேலே பார்த்தால் பழைய வீடு. அறைக்கதவைத் திறந்தால் பட்டணம். எனக்கு அந்தக் கலவை ரொம்பப் பிடித்திருந்தது.

திறந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒரு முற்பகலில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா தனியாக உள்ளே வந்தார். நூல் சேலை, கையில் ஒரு ஒயர் கூடை. சாப்பாடு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"ஒரு நாளைக்கு ரூம் வேணுங் கண்ணு. மாடில, ரோட்டப் பாத்தாப்பல."

"கூட யார் வர்றாங்கம்மா?"

"நா மட்டுந்தா."

எங்கள் மேனேஜர் மெட்ராசில் பெரிய லாட்ஜ் ஒன்றில் இருந்து வந்தவர். தனியாக வரும் பெண்களுக்கு அறை கொடுக்கக் கூடாது என்பது அவர் கொண்டுவந்த சட்டம். பின்னால் நின்றிருந்தவர் முன்னே வந்து, "தனியா வர்ற லேடீசுக்கு ரூம் குடுக்கறதில்லம்மா. மன்னிச்சுக்குங்க" என்றார்.

அந்த அம்மா கோபப்படவில்லை. கூடையைக் கீழே வைத்தார். "நா இந்த ஊட்டு மருமவளுங்க" என்றார்.

மேனேஜர் உடனே முதலாளியைக் கூப்பிடச் சொல்லி என்னை அனுப்பினார். நான் சொன்னதும் முதலாளியின் முகம் மாறிவிட்டது. வீட்டை விற்றவர்களில் யாரோ பங்கு கேட்டு வந்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டார். சட்டைப் பொத்தானைப் போட்டபடியே வேகமாக வந்தார்.

"ஏனுங்கம்மா, கையெழுத்தெல்லாம் எல்லாரும் அப்பவே போட்டுக் குடுத்துட்டீங்களே. இப்ப என்னங்க?"

"பங்கு கேட்டு வல்லீங்க. ரூம் கேட்டு வந்தனுங்க."

முதலாளி அவரையும் ஒயர் கூடையையும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "முன்னால ரூமு சாவி எடும்மா" என்றார். காசு வேண்டாம் என்று அவர் சொன்னதற்கு அந்த அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "சும்மா குடுத்தா நா விருந்தாளி. அது வேண்டாமுங்க" என்றார்.

கூடையை நான் வாங்கிக்கொண்டேன். பெரிய மாடிப்படியின் அடியில் அவர் நின்றுவிட்டார். முழங்கால் வலி போலிருக்கிறது என்று கையை நீட்டினேன்.

"கால் நல்லாத்தா இருக்குது சாமி. இந்தப் படில நா ஏறுனதே இல்ல" என்றார்.

ஏறிக்கொண்டே சொன்னார். முன்படி ஆண்களுக்கும் வியாபாரம் பேச வருபவர்களுக்கும் உரியது. பெண்களுக்குச் சமையற்கட்டுப் பக்கம் ஏணி மாதிரி ஒரு மரப்படி. வெண்ணந்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தபோதும் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே கூட்டிப் போனார்களாம். கணவர் இறந்ததும் அதே வாசல் வழியாகப் பிறந்த ஊருக்குத் திரும்பி, தறி போட்டுப் பையனைப் படிக்க வைத்திருக்கிறார். இப்போது நாலு தறி ஓடுகிறது.

"பையங்கிட்ட நூல் வாங்கப் போறன்னு சொல்லிப்போட்டு வந்தன். ரூம் எடுக்கப் போறன்னு சொன்னா, அம்மாளுக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துக்குவான்."

அறையில் ஏ.சி.யைப் போட்டேன். உடனே நிறுத்தச் சொன்னார். கட்டிலை அவர் தொடவில்லை. பால்கனிக் கதவைத் திறந்து அங்கே இருந்த பிரம்பு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். கீழே தள்ளுவண்டி, ரிக்‌ஷா, துணி மூட்டை சுமப்பவர்கள், பஸ் ஹாரன். பார்க்க அப்படி ஒன்றுமில்லை என்று எனக்குத் தோன்றியது. அவர் இடம் வலமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அந்தக் காலத்தில் உடைந்த பச்சைக் கண்ணாடியின் இடுக்கில் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் இதே தெருவைப் பார்த்திருக்கிறாராம்.

காபி வந்தது. சர்வர் டிரேயோடு குனிந்தபோது அவர் சட்டென்று எழுந்து வாங்கப் போனார். "நீங்க உக்காருங்கம்மா" என்றேன். உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த ஊட்டுல எத்தன பேருக்குக் காப்பி கலக்கிக் குடுத்திருப்பன்! எனக்குன்னு ஒருத்தரு கொண்டாந்து குடுக்கறது இன்னைக்குத்தா."

கண் கலங்கியிருந்தது. ஆனால் துக்கமாக இல்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தார். நான், "இன்னொரு காபி சொல்லட்டுங்களா?" என்று கேட்டேன். "சொல்லு" என்றார்.

மறுநாள் காலை கிளம்பும்போது முதலாளி வாசல்வரை வந்தார். வீட்டைக் கெடுக்காமல் வைத்திருக்கிறேனா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முந்தின நாளிலிருந்தே அதைத்தான் அவர் கேட்க நினைத்திருக்க வேண்டும்.

"நல்லா வெச்சிருக்கறீங்க. சமையக்கட்ட இடிச்சதுதா இன்னும் நல்லாச் செஞ்சீங்க" என்றார் அந்த அம்மா. முதலாளி வாய்விட்டுச் சிரித்தார்.

அந்த அம்மா போனதும் முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டு, "இனிமே பொம்பளைங்க தனியா வந்தாலும் ரூம் குடுங்க" என்றார். மேனேஜர் பேர் கெட்டுவிடும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார். "பேரு எங்க பேருங்க. கெட்டா நாங்க பாத்துக்கறோம்" என்று முதலாளி முடித்துவிட்டார். அதன் பிறகு பள்ளிக்கூட ஆய்வுக்கு வரும் அதிகாரி அம்மா, மேட்டூரிலிருந்து பரீட்சை எழுத வந்த நர்சுகள் என்று பலர் தங்கினார்கள். பேர் ஒன்றும் கெடவில்லை.

அடுத்த தீபாவளிக்கு முன்பு அந்த அம்மா மறுபடி வந்தார். இந்தத் தடவை கூட நாலைந்து பெண்கள். எல்லோரும் வெண்ணந்தூர்த் தறிக்காரர்கள். துணி எடுக்க வந்தவர்களை வீடு காட்டுகிறேன் என்று அழைத்து வந்திருந்தார். எல்லோருமாக முன்படியில் தடதடவென்று ஏறினார்கள். கொஞ்ச நேரத்தில் பால்கனியிலிருந்து ஒரே சிரிப்பு. தெருவில் போகிறவர்கள் நின்று அண்ணாந்து பார்க்கிற அளவுக்குச் சத்தம். மேனேஜர் என்னிடம் வந்து, கொஞ்சம் மெதுவாகப் பேசச் சொல்லுங்கள் என்றார்.

சரி என்று மேலே போனேன். எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள்.