செல்வி சொருகிய டிரான்சிஸ்டர்

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தொண்ணூறுகளில் மைசூர் ஹெப்பாளில் ஒரு சிறிய தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு வரைந்துகொண்டிருந்தேன். டிரான்சிஸ்டரின் எந்தக் கால் போர்டின் எந்தத் துளையில் இறங்கும் என்பதைக் கம்ப்யூட்டரில் நான்தான் பொருத்த வேண்டும். ஒருமுறை சரிபார்க்காமல் முதல் காலையும் மூன்றாம் காலையும் மாற்றிப் பொருத்திவிட்டேன்.

இருநூறு போர்டும் ஓடவில்லை. டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்ததும் ஓடின. போர்டில் பாகங்களைச் சொருகி சால்டர் வைக்கும் செல்வியை மேனேஜர் கூப்பிட்டுக் கத்தினார்.

"டிரான்சிஸ்டர் எந்தப் பக்கம் பாக்கணும்னு போர்டுல அரைவட்டம் போட்டிருக்கில்ல சார், அதைப் பாத்துத்தான் சொருகினேன்," என்றாள்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். போர்டைப் பார்த்ததுமே என் தவறு எனக்குப் புரிந்துவிட்டது.

"படம் சரிதான் சார். இவங்களுக்குப் பாக்கத் தெரியல," என்றேன்.

"நாளெயிந்த பரபேடா," என்று மேனேஜர் கன்னடத்தில் சொன்னதோடு அவள் வேலை போயிற்று. அன்றே கம்ப்யூட்டரில் ஓசையில்லாமல் திருத்திவிட்டேன்.

சில வாரம் கழித்து பஸ் நிறுத்தத்தில் செல்வி என்னிடம் வந்தாள்.

"அந்தப் படத்தை எப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுங்க சார். வேற எடத்துலயும் தப்பு பண்ணிடக் கூடாது."

பையிலிருந்த பழைய டிக்கெட்டின் பின்புறம் அரைவட்டத்தையும் டிரான்சிஸ்டரையும் வரைந்து காட்டினேன்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "நானும் இப்படித்தானே சார் வெச்சேன்?"

ஒரு பஸ் வந்தது. எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.