மழையில் வற்றிய ஓடை

தடத்தில் இறங்கும் முன் மாராயி தலைகளை இரண்டு முறை எண்ணிவிடுவாள். அந்தக் கார்த்திகை ஞாயிறு காலையில் பதினொன்று. நாமக்கல்லிலிருந்து வந்த நடைக் குழு. கூட்டி வந்த பையன் சசிதரனும் அந்தக் கணக்கில் சேர்த்தி.

மலைமேல் திண்ணனூர் நாட்டில் மிளகும் சாமையும் வைத்துப் பிழைக்கிற குடும்பம் அவளுடையது. ஏழு வருடத்துக்கு முன்பு, வழிதவறித் தன் தோட்டத்துக்குள் வந்து நின்ற நான்கு கல்லூரிப் பெண்களை அடிவாரம் வரை கூட்டிப்போய் பஸ் ஏற்றிவிட்டாள். அவர்கள் சொல்லி வேறு ஆட்கள் வந்தார்கள். அதிலிருந்து ஐப்பசி, கார்த்திகையில் ஞாயிறுதோறும் அவளுக்கு இதே வேலை. அடிவாரத்துப் பேளுக்குறிச்சிச் சந்தைக்கு அவள் மிளகு சுமந்து இறங்கிய தடம் அது. கண்ணை மூடிக்கொண்டும் நடப்பாள்.

மூன்று நாளாக மழை விடவில்லை. அன்று காலையிலும் தூறல்தான். பாதி வழியில் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். அதன் இரைச்சல் வளைவுக்கு முன்பே கேட்கும். வளைவு வந்தது. இரைச்சல் இல்லை. மாராயியின் நடை தானாகத் தளர்ந்தது.

முழங்காலுக்கு மேல் ஓட வேண்டிய தண்ணீர் கணுக்காலைக்கூடத் தொடவில்லை. செம்மண் கரைந்து காப்பி நிறத்தில் ஊர்ந்தது. பச்சை வேரைப் பிய்த்தெறிந்தால் வருகிற வாசம் அடித்தது.

"அதிர்ஷ்டந்தானுங்கக்கா, செருப்பு நனையாம தாண்டிரலாம்" என்றான் சசிதரன்.

"வேண்டாஞ்சாமி. மழ பேயுது, தண்ணி கொறயுது. மேல எங்கியோ மண்ணு சரிஞ்சு அடச்சிருக்குது. அடச்சது ஒடையும்."

"பத்து நிமிசத்துல எல்லாரும் தாண்டிரலாங்க." சொல்லிக்கொண்டே கல்லுக்குக் கல் தாவி அக்கரையில் போய் நின்று கையாட்டினான். பின்னால் இருந்த கௌசிகா, பள்ளிக்கூடத்து டீச்சர், ஓடையில் ஒரு காலை வைத்துவிட்டாள். மாராயி அவள் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறுங்க! மேல ஏறுங்க எல்லாரும்!"

அவள் சத்தம் போட்டு அதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரு நொடி மரம் போல நின்றார்கள். கௌசிகாதான் முதலில் திரும்பி ஏறினாள். மற்றவர்கள் வேரைப் பிடித்தும் செடியைப் பிடித்தும் பின்னால் ஏறினார்கள். மாராயி அக்கரையைப் பார்த்து, மேலே, வலப்பக்கமாக, என்று கையை வீசி வீசிக் காட்டினாள். அவன் சிரிப்பு மறைந்தது.

முதலில் தரை அதிர்ந்தது. பிறகு லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவது போலச் சத்தம். தண்ணீர் என்று சொல்ல முடியாது. மண்ணும் பாறையும் வேரோடு மரங்களும் ஒரே சுவராக வந்தன. அவன் நின்றிருந்த கரையே இல்லை. பனிமூட்டம் இறங்கி மீதியை மூடிவிட்டது. பத்துப் பேரும் மாறி மாறிக் கூப்பிட்டார்கள். பதில் வரவில்லை.

தாண்டிப் போகவும் வழியில்லை, போனில் டவரும் இல்லை. இரண்டு மணி நேரம் மேலேறி ரோட்டுக்கு வந்தார்கள். வழியெல்லாம் மாராயி எண்ணிக்கொண்டே வந்தாள். பத்து. மறுபடியும் பத்து. சின்ன வயதுப் பையனை விட்டுவிட்டு வந்தோமே என்ற நினைப்பே திரும்பத் திரும்ப வந்தது. யார் முகத்தையும் அவளால் பார்க்க முடியவில்லை.

போலீசுக்குச் சொல்லிவிட்டு ரோட்டோரத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலம் நாலு மணிக்குக் கௌசிகாவின் போன் அடித்தது. பேளுக்குறிச்சி டீக்கடையிலிருந்து யாரோ பேசி, சசிதரனிடம் கொடுத்தார்கள். காலில் செருப்பில்லாமல் இறங்கியிருக்கிறான். கௌசிகா போனை மாராயியிடம் நீட்டினாள்.

"அக்கா, நீங்க கை காட்டுன பக்கமே ஏறுனேனுங்க..." அதற்கு மேல் அவனுக்கு அழுகைதான் வந்தது.

"செரி கண்ணு, செரி. சூடா ஒரு டீ குடி" என்றாள் மாராயி. போனைக் கௌசிகாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் மழை விட்டதும் புருசன் சாமியப்பனோடு, ஆட்களைக் கூட்டிப்போகிற இன்னொரு தடத்தைப் பார்க்கப் போனாள். அதன் மேல்சரிவில் குறுக்கே ஒரு வெடிப்பு ஓடியது. கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போயிற்று, அடி தட்டவில்லை.

"இது எப்ப வெடிச்சுது?" என்றார் சாமியப்பன். போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு இருபது பேரை அதன் கீழேதான் உட்கார வைத்துச் சோறு போட்டிருந்தாள்.

இருவரும் முள் வெட்டி வந்து தடத்தின் வாயை அடைத்தார்கள். அதற்குள் அடுத்த ஞாயிற்றுக்குச் சேலத்திலிருந்து ஒரு கூட்டம் போன் போட்டது.

"வராதீங்க சாமி" என்றாள் மாராயி. "இந்த வருசம் மலை சரியில்லீங்க."