இராயப்பரின் திறப்பு

நேற்றுக் காலை நீத்துப்பெட்டியில் புட்டு அவிந்துகொண்டிருந்த நேரம் கனடாவிலிருந்து மாகிறெற் போன் எடுத்தாள். நெடுந்தீவில் பிறந்த பிள்ளை. சுகம் விசாரிக்கவும் பொறுமையில்லை.

"அன்ரி, எனக்கு ஞானஸ்நானம் தந்தது நீங்கள்தானாமே? அது செல்லாதெண்டு எங்கடை சபையிலை சொல்லுகினம். திரும்ப முழுகி எடுக்கட்டாம். செல்லுமோ, செல்லாதோ?"

கேள்வியைப் பாருங்கள், கேட்ட ஆளையும் பாருங்கள். நான் இறுப்பிட்டிச் சைவப்பெண். நெற்றியில் திருநீறு இல்லாமல் தேத்தண்ணிகூடக் குடிக்காதவள். "புட்டை இறக்கிப்போட்டு எடுக்கிறன் பிள்ளை" என்று சொல்லித் தப்பிவிட்டேன். ஆனால் அந்த ஆவி மணம் விடவில்லை. என்னை அவளுடைய அம்மம்மாவின் குசினிக்கே கொண்டுபோய் விட்டது.

அவரும் மாகிறெற்தான், மாகிறெற் அக்கா. மருத்துவமாதாக, ஊர்ச்சனத்துக்கு மிஸியாக, எனக்குக் கிடைத்த முதல் வேலை நெடுந்தீவில். நானோ கடலில் வாந்தியெடுக்கிற ஆள். அலையில் நனைந்து, பாதி உயிரோடு போய் இறங்கிய என்னைத் தன் வீட்டு அறையில் வைத்துப் பார்த்தவர் அவர். கத்தோலிக்கருக்கு வெள்ளிக்கிழமையில் இறைச்சிதான் ஆகாது, மீன் சாப்பிடலாம். நான் வெள்ளியில் மரக்கறி என்று தெரிந்ததும் அக்கா மீனையும் விட்டார். இதனால் பட்டினி கிடந்தது அவருடைய தம்பி சூசையண்ணைதான்.

சூசையண்ணை கலியாணம் கட்டாதவர். கத்தோலிக்கக் கோயிலை விட்டு யாழ்ப்பாணத்துச் சபையொன்றில் சேர்ந்தவர். ஆனால் சாப்பாட்டுக்கு அக்காவின் குசினியை விடவில்லை. "கிருபைக்குள்ளை வந்தவனுக்கு வெள்ளியென்ன சனியென்ன? மீனை ஆக்குங்கோ" என்பார். அக்கா அகப்பையைத் தூக்குவார். அதோடு தொடங்கும்.

"இராயப்பர் கையிலை ஆண்டவர் மோட்ச வாசல் பூட்டின்ரை திறப்பைக் குடுத்தவர். அவர் அடுத்தவருக்குக் குடுத்தார். அப்பிடியே பாப்பரசர் வரைக்கும் வந்திருக்கு. உங்கடை போதகர் தன்னை அப்போஸ்தலர் எண்டுறாரே, அவரின்ரை தலையிலை ஆர் கை வைச்சு அந்தப் பட்டம் குடுத்தது?"

"பேதுருவுக்குக் குடுத்தது விசுவாசத்துக்காக, அக்கா. விசுவாசிச்சவனுக்கு இரட்சிப்பு. இடையிலை திறப்புக்காரர் என்னத்துக்கு?"

இராயப்பரும் பேதுருவும் ஒரே ஆள் என்று எனக்குத் தெரிய மாதக்கணக்கானது. ஏதோ காணித் தகராறில் எதிரெதிராய் நிற்கிற இரண்டு பேர் என்றே நினைத்திருந்தேன். என்ன சண்டை வந்தாலும் மற்ற நாளில் பெரிய மீன் தலை தம்பியின் சோற்றுக் கோப்பையில்தான் விழும்.

அக்காவின் மகள் றீற்றாவுக்குப் பிள்ளை மாதம் நிறையாமலே பிறந்தது. புருஷன் மன்னாரில் தொழிலில் இருந்தான். பிள்ளைக்கு மூச்சு ஒழுங்கில்லை, யாழ்ப்பாணம் கொண்டுபோயே ஆகவேண்டும். கிடைத்தது மீன்பிடி வள்ளம் ஒன்று. தாயும் பிள்ளையும் நானும் துணைக்குச் சூசையண்ணையும் ஏறினோம். அக்கா சேலை நனைய முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி வந்து தம்பியின் கையைப் பிடித்தார்.

"சூசை, ஏதுமெண்டால் பிள்ளைக்குத் தண்ணி வார்த்துப்போடு. ஞானஸ்நானம் இல்லாமல் அனுப்பிப்போடாதை."

சூசையண்ணை அக்காவின் கையைத் தட்டிக்கொடுத்து, கரைக்கு ஏறச் சொன்னார்.

நடுக்கடலில் பிள்ளை நீலம் பாய்ந்தது. வாயைத் துடைத்து, மூச்சு ஊதி, முதுகைத் தேய்த்தேன். "மாமா, தண்ணி! அம்மா சொன்னவ!" என்று றீற்றா கத்தினாள். சூசையண்ணை சிரட்டையில் தண்ணீர் எடுத்துவிட்டார். ஆனால் ஊற்றாமல் என்னிடம் நீட்டினார். விசுவாசிக்கத் தெரியாத சிசுவுக்கு ஞானஸ்நானம் இல்லை என்று ஊரெல்லாம் சொன்ன மனிதர் அல்லவா?

"மிஸி, என்ரை மனச்சாட்சிக்கு ஏலாது. அக்காவின்ரை சொல்லைத் தட்டவும் ஏலாது. நீர் ஊத்தும், நான் சொல்லித்தாறன்."

ஒரு கை பிள்ளையின் நெஞ்சில் இருந்தது, மறு கையில் சிரட்டையை வாங்கினேன். பெயர் சொல்லவேண்டிய இடத்தில் றீற்றாவுக்கு அழுகையில் வாய் வரவில்லை. "மாகிறெற்" என்றார் சூசையண்ணை. பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று அவர் சொல்லச் சொல்ல நானும் சொல்லி ஊற்றினேன். பிள்ளை துள்ளி வீரிட்டது!

றீற்றா அதை ஞானஸ்நானத்தின் அருள் என்றாள். தான் மனதுக்குள் செய்த செபம் என்றார் சூசையண்ணை. வள்ளக்காரர் நயினாதீவுப் பக்கம் திரும்பி அம்மாளைக் கும்பிட்டார். நான் தேய்த்த தேய்ப்பை ஒருவரும் கணக்கிலெடுக்கவில்லை.

ஆசுபத்திரியிலிருந்து பிள்ளையோடு திரும்பினால் அக்காவுக்குப் புதுக் கவலை. "சைவப்பிள்ளை வார்த்தது செல்லுமோ? பிள்ளை மோட்சம் போகுமோ?" சோறு இறங்கவில்லை அவருக்கு. பதில் சொன்னது யார் தெரியுமோ? சூசையண்ணை!

"அக்கா, நீங்கள் படிச்ச ஞானோபதேசத்திலேயே கிடக்கு. ஆபத்துக்கு ஆரும் குடுக்கலாம். குருவும் வேண்டாம், ஆயரும் வேண்டாம். பாத்தியளே, திறப்பு மிஸியின்ரை கையிலை!"

"அவளுக்கு அந்தத் திறப்பை ஆரடா குடுத்தது? திருச்சபை குடுத்தது!" என்று அக்கா சீறினார். சீறிவிட்டு வயிறாரச் சாப்பிட்டார். கடல் அடங்கியதும் வந்த பங்குச் சுவாமியும் செல்லும் என்று சொல்லி, தண்ணீர் ஊற்றாமல் எண்ணெய் மட்டும் பூசினார். என்ன மனிதர்கள்! அந்தக் குசினியில் எனக்கும் ஒரு கோப்பை இருந்ததை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைகிறது.

பிறகு எனக்கு மண்கும்பானுக்கு மாற்றம். சில வருடத்தில் அக்கா மோசம் போனார். அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் சூசையண்ணை வள்ளமும் பஸ்ஸும் ஏறி என்னிடம் வந்தார். கதிரையில் இருந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்தார்.

"மிஸி, அக்கா மாதிரி இராயப்பருக்காக ஒருக்கால் கதையுமன்" என்றார்.

பேதுரு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? எனக்கு ஒன்றும் வரவில்லை. அவர்தான் பேதுரு, விசுவாசம், கிருபை என்று தொடங்கினார். நான் "ஓம் அண்ணை, அதுவும் சரிதான்" என்று தலையாட்டினேன்.

"நீர் எல்லாத்துக்கும் ஓம் எண்டுறீர். இது சரிவராது" என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பிப் போனார். அந்த மாரிக்கு அவரும் போய்விட்டார்.

புட்டு ஆறிவிட்டது. மாகிறெற்றுக்கு நானே எடுத்தேன். பதமாக ஏதாவது சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் வாய் கேட்டால்தானே!

"ஆர் சொன்னது செல்லாதெண்டு? இராயப்பர் கையிலை ஆண்டவர் குடுத்த திறப்படி அது! கைமாறிக் கைமாறி வந்து, ஆபத்துக்கு என்ரை கையிலையும் தந்தவை. அதைப் பறிக்க உங்கடை சபைக்காரர் ஆர்? அவையின்ரை தலையிலை ஆர் கை வைச்சது?"



"இராயப்பர் எண்டால் ஆர் அன்ரி?" என்று கேட்டாள் பிள்ளை.

பேதுரு என்று சொல்லிக் கொடுத்தேன். சூசையண்ணை அன்று கேட்டபோது வராத வாய் இப்போதுதான் வந்திருக்கிறது. மறுத்துக் கதைக்கத்தான் அவர் இல்லை.