ஜன்னல் வைத்த பொட்டலம்

ரத்தம் எடுத்த குழாயை இரண்டு விரலில் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக உயர்த்தி, ஒரு கண்ணைச் சுருக்கி, இந்தப் பக்கம் சாய்த்து, அந்தப் பக்கம் சாய்த்து, கடைசியில் "ம்" என்பார் லோகநாயகி அக்கா. நகைக்கடையில் கல் பார்க்கிறவர்கள்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள். தென்காசியில் எங்கள் லேபுக்கு வருகிறவர்களின் ரத்தமெல்லாம் இந்த ஜன்னலைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போகும்.

நான் அங்கே ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பவன். பெயருக்கு மேனேஜர். ரத்தம் எடுப்பது மட்டும்தான் அக்காவின் வேலை என்று நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் அப்படி நினைக்கவில்லை.

ஊசி குத்துவதற்கு முன் நரம்போடு பேசுவார். "எங்கன போய் ஒளிஞ்சிருக்க? மேல வா, ஒண்ணுஞ் செய்ய மாட்டேன்." யாரிடம் பேசுகிறார் என்று வந்தவர் திரும்பிப் பார்ப்பதற்குள் குழாய் பாதி நிறைந்திருக்கும். கைராசிக்காரர், அதில் குறை சொல்ல முடியாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி, அருவியில் ஆட்டம் போட்டுவிட்டுக் காய்ச்சலோடு வருகிறவர்கள் வரிசை கட்டி நின்றாலும் ஒருவரையும் இரண்டாம் தடவை குத்த மாட்டார்.

வாய்தான் நிற்காது. பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற ஒருவர், வெறும் வயிற்றோடு வந்ததாகச் சத்தியம் செய்தார். ரத்தத்தை மெஷினில் சுழற்றி எடுத்ததும், தின்ற கொழுப்பு குழாயின் மேல்பகுதியில் பால் கலந்ததுபோல நின்றது. ஹால் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அக்கா சத்தமாகக் கேட்டார். "அண்ணாச்சி, விடியக்காலம் புளியறைப் பக்கம் பரோட்டா தின்னுட்டா வந்திய?" மனிதர் தலையைக் குனிந்துகொண்டு போனவர்தான், இன்றுவரை எங்கள் படி ஏறவில்லை. டாக்டர் சொல்லட்டுமே அக்கா என்று நான் கெஞ்சாத நாளில்லை. "அவரு சொல்லும்போது சொல்லட்டும். நான் இப்ப பாக்குதேன், இப்ப சொல்லுதேன்" என்பார்.

இப்படிப் பார்ப்பதற்கு ஒரு காரணமும் வைத்திருக்கிறார். சில குழாய்களில் ரத்தம் உறைந்துவிட்டால் பரிசோதனை செய்ய முடியாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். "எங்கையால எடுத்த ரத்தம் கட்டியாப் போச்சுன்னு ஒருத்தன் சொன்னதில்ல" என்று புதிதாக வருகிற ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்லிவிடுவார். அதனால் சாய்த்துப் பார்ப்பார், பார்த்ததையே மறுபடியும் பார்ப்பார்.

இந்தப் பார்வையால் வந்த வினைதான் சஃப்ரின் விவகாரம்.

சஃப்ரின் கடையநல்லூர்ப் பிள்ளை, மூன்றாம் வகுப்பு. கொஞ்ச நேரம் வெயிலில் நின்றால் போதும், கையும் மூக்கும் தீப்பட்டதுபோல் எரிகிறதென்று அழுவாள். ஓடிப்போய்த் தண்ணீர் வாளிக்குள் கையை விட்டுக்கொள்வாள். தோலில் கொப்புளமோ புண்ணோ ஒன்றும் இருக்காது, அதனால் யாரும் நம்புவதில்லை. பள்ளிக்கூடத்து பி.டி. சார் நடிப்பு என்கிறார். ஷார்ஜாவிலிருந்து அவள் வாப்பா மன்சூர், செல்லம் கொடுத்துக் கெடுக்காதே என்று போனில் சத்தம் போடுகிறார். தாய் ரஹ்மத் மட்டும் பிள்ளையை நம்பினார். திருநெல்வேலியில் தோல் டாக்டரிடம் காட்டியதில், இது போர்ஃபிரின் கோளாறாக இருக்கலாம் என்று அவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

போர்ஃபிரின் எல்லோர் ரத்தத்திலும் கொஞ்சம் உண்டு. சிலருக்கு அது அளவுக்கு மீறிச் சேர்ந்துவிடும், வெளிச்சம் பட்ட தோல் எரியும். அதே வெளிச்சம் குழாயில் பட்டால் அந்தப் பொருள் சிதைந்து, இருப்பதும் இல்லாததுபோல் ஆகிவிடும். ஆகவே எடுத்த உடனே இருட்டில் மூடி, குளிர்ச்சியில் வைத்து, சென்னையில் இருக்கும் பெரிய லேபுக்கு அனுப்ப வேண்டும். இதை நான் அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். அவரும் தலையாட்டினார்.

பக்கத்துப் பரோட்டாக் கடை யாக்கூப்பிடம் பார்சல் கட்டுகிற வெள்ளித்தாள் வாங்கிக் குழாயை அழகாகச் சுற்றினார். நான் போன் பேசப் போன நேரத்தில், கத்தரிக்கோலால் அந்தத் தாளில் சின்னதாக ஒரு ஜன்னல் வெட்டி வைத்துவிட்டார். வெளிச்சம் பட்டிருக்கிறது, சோதிக்க முடியாது, வேறு ரத்தம் அனுப்புங்கள் என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. ஏன் அக்கா இப்படி என்றேன். "பின்ன? முழுசா மூடி அனுப்பினா உள்ள என்ன இருக்குன்னு அவன் எப்படிப் பாப்பான்? குழாய்ல ஒட்டுன பேரு தெரிய வேண்டாமா?" என்று என்னையே கேட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

இரண்டாம் தடவை ரத்தம் எடுத்தபோது தாளில் ஜன்னல் இல்லை. மூடிய பொட்டலத்தை ஐஸ் பெட்டியில் வைத்ததை என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் தாள் மேசையில் கிடக்கிறது, குழாய் அக்காவின் கையில், கை ஜன்னலுக்கு நேரே. "ஒறைஞ்சிருக்கான்னு பாத்தேன் தம்பி. ஒரு நிமிசந்தான்."

இந்த ரத்தமும் வீண். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டேன். கூரியர் ஆள் வருவது மத்தியானத்தில். அதற்குச் சற்று முன்புதான் ரத்தம் எடுக்க வேண்டும். அந்தப் பிள்ளை மறுபடி இங்கே வருவதென்றால் உச்சி வெயிலில்தான் வர வேண்டும். திருநெல்வேலிக்கு அனுப்பலாமென்றால் பஸ்ஸில் அதைவிட நீண்ட வெயில். ரஹ்மத்துக்கு யார் போன் செய்வது? நான்தான் செய்தேன். "எம்புள்ளைய இன்னொருக்க வெயில்ல கூட்டிட்டு வரணுமாண்ணே?" என்று மட்டும் கேட்டார். அக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் வரை அவர் எந்த நரம்போடும் பேசவில்லை.

மூன்றாம் தடவை அவர்கள் வந்த அன்றைக்கென்று சாரலைக் காணோம், சுள்ளென்று வெயில். குடையும் துப்பட்டாவுமாகப் போர்த்திக் கூட்டி வந்தும், பஸ் ஜன்னல் வழியே வந்த வெயில் பிள்ளையின் கையில் பட்டுவிட்டது. ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டு அழுதாள். அக்கா நான் சொல்லாமலே ஜன்னலைச் சாத்தி, படுக்கையில் கிடந்த கம்பளியை அதன்மேல் தொங்கவிட்டிருந்தார். டியூப்லைட்டையும் அணைத்தார். "நரம்பு எங்கயும் ஓடிப் போவாது. தொட்டாத் தெரியும்." அரையிருட்டில் தடவிப் பார்த்து எடுத்தார். தாளைச் சுற்றினார், மேலே இன்னொரு தாள் சுற்றினார். ஐஸ் பொட்டலங்களுக்கு நடுவே வைத்துப் பெட்டியை மூடினார்.

கூரியர் ஆளைக் காணோம். அக்காவின் கை பெட்டி மூடியின் பக்கம் போனது. நான் தொண்டையைச் செருமினேன். கை திரும்பியது, சற்று நேரத்தில் மறுபடியும் போனது.

"ஒறைஞ்சிருந்தா என்ன செய்ய? இந்தப் பிள்ளைய நாலாந் தடவ குத்தச் சொல்லுதியா?"

"தொறந்து பாத்தா கண்டிப்பா குத்தணும்க்கா" என்றேன். எரிச்சலோடுதான் சொன்னேன். ஆனால் அவர் முகத்தில் அன்று வீம்பு இல்லை, பயம்தான் இருந்தது. மூடியின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

சஃப்ரின் என்ன நினைத்தாளோ, எழுந்து வந்து அந்தக் கையைத் தொட்டாள். ஐஸ் எடுத்த கை. "ஜில்லுன்னு இருக்கு ஆன்ட்டி" என்று எரிகிற தன் கையை அதன்மேல் ஒட்டி வைத்துக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏட்டி, இந்தக் கையையும் வச்சுக்கோ" என்று மற்றதையும் நீட்டினார். சூடு ஏறினால் பிரிட்ஜில் மிச்சமிருந்த ஐஸ் பொட்டலத்தை எடுத்துக் கையைக் குளிரவைத்துக்கொண்டு மறுபடி வந்து உட்காருவார்.

வாசலில் பைக் நின்றது. கூரியர் என்று குரல் வந்தது. எப்போதும் பெட்டியைத் தானே கொண்டுபோய், குலுக்காமக் கொண்டு போ என்று உபதேசம் செய்து ஒப்படைப்பவர் அக்கா.

"நீயே எடுத்துக் குடு தம்பி. எனக்குக் கை ஒழியல."

நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரைக் கடந்து போனேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தச் சின்னக் கைகள் இரண்டையும் தன் உள்ளங்கைகளுக்குள் வைத்து, விரலிடுக்கில்கூட வெளிச்சம் போகாதபடி மூடிக்கொண்டிருந்தார்.